பந்தும் மரக்கட்டையும் தந்த ஆசான் புரோபல்

தரம் ஒன்று வகுப்பறைகளில் வர்ணக் கடதாசிக் கீலங்களை மேலும் கீழுமாகச் செருகிச் சின்னஞ்சிறு பாய் பின்னும் பிள்ளைகளைப் பார்த்திருப்போம். கடதாசியை மடித்துக் கப்பல் செய்வது, களிமண்ணை உருட்டிப் பழம் செய்வது, சதுரக் கோட்டுத் தாளில் கோலங்கள் வரைவது என்பனவும் அங்கு நடப்பவைதான். பாடங்களுக்கு நடுவே பிள்ளைகள் சத்தமிடாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் வேலைகள் இவை என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். சில ஆசிரியர்களும் அப்படித்தான் எண்ணுகின்றனர். இவற்றையெல்லாம் ஒரு முறையாக ஒழுங்குபடுத்தி, சிறு பிள்ளையின் கல்வி இவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்று வாதாடியவர் பிரெடரிக் புரோபல். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அவரது பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்வதுண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர்கள் குறைவு.

1782 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, ஜேர்மனியின் துரிங்கியாக் காட்டுப் பகுதியில் உள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் கிராமத்தில் புரோபல் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவ மத போதகர். ஊர்ப்பணிகள் காரணமாக வீட்டில் இருக்க நேரமற்றவர். குழந்தைக்கு ஒன்பது மாதமானபோது தாய் இறந்து போனார். நான்கு வயதளவில் வீட்டுக்கு வந்த சிற்றன்னை ஆரம்பத்தில் அன்பாகவே இருந்தார். தமக்கென ஒரு குழந்தை பிறந்ததும் நிலைமை மாறியது. அதுவரை சிறுவனை உரிமையோடு அழைத்து வந்தவர், பின்னர் முன்னால் நிற்கும் பிள்ளையிடமே யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசத் தொடங்கினார். ஒரு சொல்லின் மாற்றம்தான். ஆனால் புரோபல் பெரியவரான பின்பு தம் வாழ்க்கையை எழுதியபோது, பட்டினியைப் போலவோ அடியைப் போலவோ அதை நினைவுகூர்ந்தார்.

தந்தை அவரை ஆண் பிள்ளைகளின் பாடசாலைக்கு அனுப்பவில்லை. ஊரிலிருந்த பெண்கள் பாடசாலையிலேயே சேர்த்தார். பிற்காலத்தில் பெண்களை ஆசிரியர்களாக்குவதற்காக ஊரோடு மல்லுக்கட்டிய மனிதர், தம் முதல் எழுத்துக்களைப் பெண் பிள்ளைகளோடு அமர்ந்து கற்றவர் என்பதை எம் கல்லூரி மாணவியர் கவனிக்கலாம். பத்து வயதானபோது தாய்மாமன் அவரைத் தம்மோடு ஸ்டட்டில்ம் நகருக்கு அழைத்துச் சென்றார். விளையாடத் தோழர்களும் வெளியே போக அனுமதியும் அங்கேதான் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தன.

இளமை அவருக்கு இலகுவாக அமையவில்லை. வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகினார். யேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடனை அடைக்க முடியாமல் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரங்கள் இருந்தார். 1805 ஆம் ஆண்டு கட்டடக்கலை படிப்பதற்காகப் பிராங்பேர்ட் நகருக்குப் போனவருக்கு, அங்கிருந்த ஒரு மாதிரிப் பாடசாலையில் ஆசிரியர் பதவி கிடைத்தது. வகுப்பில் நின்ற முதல் நாளிலேயே தமது இடம் இதுதான் என்று கண்டுகொண்டார். சுவிற்சர்லாந்தில் பெஸ்டலோசி நடத்திய புகழ்பெற்ற பாடசாலைக்கு இரு தடவை சென்றார். இரண்டாம் தடவை தம்மிடம் படித்த மூன்று சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு போய், 1808 முதல் 1810 வரை அங்கே தங்கினார். பொருளைப் பார்த்துக் கற்பது என்பது பெஸ்டலோசியிடம் கிடைத்த பாடம். பார்ப்பதோடு நின்றுவிடாமல் பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது புரோபல் அதனோடு சேர்த்த பாடம்.

பின்னர் பேர்லினில் பளிங்குக் கற்களின் அமைப்பை ஆராயும் கல்வியில் ஈடுபட்டார். 1813 ஆம் ஆண்டு நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பி, பேர்லின் கனிமவியல் அருங்காட்சியகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். குழப்பமற்ற கோணங்களோடும் சமமான முகங்களோடும் கல்லுக்குள் ஓர் ஒழுங்கு வளர்ந்திருப்பதைத் தினமும் கையிலெடுத்துப் பார்த்தார். பிற்காலத்தில் அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த கட்டைகளைப் பார்ப்பவர்களுக்கு, இந்த அருங்காட்சியகத்து நாட்கள் வீண்போகவில்லை என்பது விளங்கும்.

அவரது அண்ணர் கிறிஸ்டோப் 1813 இல் காய்ச்சலால் இறந்து, மனைவியும் மூன்று ஆண் பிள்ளைகளும் ஆதரவற்றிருந்தனர். 1816 ஆம் ஆண்டு புரோபல் தம் வேலையை விட்டு வந்து, சகோதரர்களின் பிள்ளைகளையே மாணவர்களாகக் கொண்டு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு அது கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறியது. 1818 இல் ஹென்றியெட்டா என்னும் கல்வியறிவு மிக்க பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பணத்தட்டுப்பாடு எப்போதும் இருந்தது. அரசின் சந்தேகப் பார்வையும் இருந்தது. சில ஆண்டுகளைச் சுவிற்சர்லாந்தில் கழித்தார். அங்கு ஓர் அநாதை இல்லத்தை நடத்தியபோது, பாடசாலைக்கு வரும் முன்பே பிள்ளையின் முக்கியமான ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கழிந்துவிடுகின்றன என்ற எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டது.

1837 ஆம் ஆண்டு, ஐம்பத்தைந்து வயதில், பிளாங்கன்பேர்க் என்ற சிற்றூருக்கு வந்து சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றை அவர் நன்கொடைகள் என்று அழைத்தார். முதலாவது நன்கொடை, நூலில் தொங்கும் ஆறு வர்ணக் கம்பளிப் பந்துகள். கைக்குழந்தையும் அவற்றைப் பற்றிப் பிடிக்கலாம். இரண்டாவது, மரத்தால் ஆன கோளம், உருளை, கனசதுரம். உருளும் கோளத்துக்கும் அசையாமல் நிற்கும் கனசதுரத்துக்கும் நடுவே இரண்டையும் செய்யும் உருளை! மூன்றாவது நன்கொடையில் கனசதுரம் எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரிந்துவிடும்.

இந்த மூன்றாவது நன்கொடையைப் பயன்படுத்தும் முறை அறியத்தக்கது. பெட்டியை மேசையில் கவிழ்த்து, மூடியை இழுத்தெடுத்து, பெட்டியை மெதுவாக மேலே தூக்க வேண்டும். பிள்ளை முதலில் காண்பது முழுமையான ஒரு கனசதுரம். பிறகு அதைக் கொண்டு கதிரை, படிக்கட்டு, பாலம் என்று வீட்டிலும் வெளியிலும் கண்டவற்றைக் கட்டும். அடுத்து, நடுவிலிருந்து நான்கு பக்கமும் சமமாக விரியும் தரையோட்டு அலங்காரங்கள் போன்றவற்றை அமைக்கும். அதே எட்டுக் கட்டைகளால் பாதி, கால், அரைக்கால் என்ற கணக்கையும் கண்டுகொள்ளும். இதற்கு இரண்டு விதிகள் இருந்தன. எல்லாக் கட்டைகளையும் பயன்படுத்த வேண்டும். கட்டிய ஒன்றை இடித்துத் தள்ளாமல், ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி அடுத்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கதிரை கட்டிலாகும், கட்டில் சுவராகும். ஒன்று அழிந்து மற்றொன்று வருவதில்லை. சிறு வயதில் வீட்டின் அன்பு ஒரே நாளில் இடிந்து விழுந்ததைக் கண்டவர் இந்த விதியை வகுத்தார் என்பது சும்மா நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

நன்கொடைகளோடு கைவேலைகளும் வந்தன. கடதாசி மடித்தல், வெட்டுதல், பின்னுதல், அட்டையில் ஊசியால் துளையிட்டு நூல் கோத்தல், குச்சிகளை அடுக்குதல், களிமண் வேலை ஆகியவற்றை அவரது வழி வந்தவர்கள் வகுப்புகளில் நடத்தினர். அவற்றுள் ஒன்று பட்டாணி வேலை. உலர்ந்த பட்டாணியை ஊறவைத்து, கூர்மையான குச்சிகளின் முனைகளில் குத்தி இணைத்தால் முக்கோணம், சதுரம், கூண்டு, வீடு எல்லாம் எழும்பும். காய்ந்ததும் பட்டாணி குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். எமது ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் ஊறவைத்த கடலையையும் ஈர்க்குத் துண்டுகளையும் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். செலவு மிகக் குறைவு; ஈர்க்கின் முனை கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் வடிவத்தை ஆசிரியை கரும்பலகையில் வரைந்து, எல்லோரும் அதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டால் அது புரோபலின் வேலை ஆகாது. அவருக்குப் பின் வந்தவர்கள் சிலர் அப்படித்தான் செய்து, இந்த முறையை ஓர் இராணுவப் பயிற்சி போலாக்கிவிட்டனர். பிள்ளையின் கைப்பணியை இரவில் அமர்ந்து முடித்துக் கொடுக்கும் தாய்மாரும் அந்த வரிசையில் சேர்ந்தவர்களே.

தம் நிலையத்துக்கு நல்லதொரு பெயரைப் புரோபல் நெடுநாள் தேடினார். 1840 ஆம் ஆண்டு, நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்து கொண்டிருந்தபோது அது கிடைத்தது. கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம். அவ்வாண்டு யூன் 28 ஆம் திகதி அந்தப் பெயரில் நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. பெண்கள் பங்குகளை வாங்கி இதை ஆதரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எதிர்பார்த்த அளவு பங்குகள் விற்பனையாகவில்லை. ஆயினும் இளம் பெண்களைச் சேர்த்துச் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி கொடுத்தார். வயதான ஒருவர் பிள்ளைகளோடு கைகோத்து வட்டமாக ஆடிப் பாடுவதைக் கண்ட ஊரவர்கள், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றனர். 1849 ஆம் ஆண்டு இந்தக் கேலியைக் கேட்டு, வேடிக்கை பார்க்கப் போன பெர்த்தா என்னும் சீமாட்டி, அவரது வாழ்நாள் ஆதரவாளராகத் திரும்பினார்.

1851 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆம் திகதி பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அவை பிள்ளைகளை நாத்திகத்துக்கும் சோசலிசத்துக்கும் இழுத்துச் செல்கின்றன என்பது குற்றச்சாட்டு. ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட மனிதர் மீது இப்பழி விழுந்தது. அவரது சகோதரர் மகன் கார்ல் புரோபல் எழுதிய நூல் ஒன்றை இவரது கொள்கையோடு அதிகாரிகள் குழப்பிக்கொண்டனர். அது நான் அல்ல என்று புரோபல் விளக்கியும் பயனில்லை. அமைச்சர் தடையை நீக்க மறுத்துவிட்டார். ஹென்றியெட்டாவின் மறைவுக்குப் பல ஆண்டுகளின் பின், அதே ஆண்டு யூன் மாதத்தில்தான் லுயிஸ் லெவின் என்னும் தம் மாணவியை அவர் மணந்திருந்தார். பெண் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்த மரியந்தால் என்னுமிடத்தில், 1852 யூன் 21 ஆம் திகதி, தடை நீங்கும் முன்னரே அவர் காலமானார்.

தடை 1860 இல் நீக்கப்பட்டது. லுயிஸ் ஹம்பேர்க் நகரில் பணியைத் தொடர்ந்து, 1900 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். அதற்குள் அவரிடம் கற்ற பெண்களும் அப்பெண்களிடம் கற்ற பெண்களும் கிண்டர்கார்ட்டனை வேறு நாடுகளுக்குக் கொண்டு சென்றிருந்தனர். சகோதரிகள் இருவரில் மூத்தவர் லண்டனிலும், இளையவரான மார்கரெத்தே ஷூர்ட்ஸ் 1856 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலும் அவற்றைத் தொடங்கினர். 1876 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் நடந்த பெரும் கண்காட்சியில் புரோபலின் நன்கொடைகளைக் கண்ட ஒரு தாய், அவற்றைத் தம் மகனுக்காக வாங்கிக் கொடுத்தார். ஆசிரியையாக இருந்த அவரது மகன், பின்னர் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான பிராங்க் லொயிட் ரைட். அந்த வழுவழுப்பான மரக்கட்டைகளின் உணர்வு தம் விரல்களை விட்டுப் போகவே இல்லை என்று அவர் முதிய வயதிலும் எழுதினார்.