அணி விலகலுக்கு அவர் கொடுத்த விலை

வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பு நெருங்கும்போதெல்லாம் நமது அரசியலில் பேரங்களும் சூடு பிடிப்பது வழமை. 2021 நவம்பரில் கட்சியின் தீர்மானத்தை மீறி வரவு செலவுத் திட்டத்திற்கு ஆதரவாக வாக்களித்த முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர் நசீர் அஹமட் பின்னர் அமைச்சரானார். கட்சி அவரை நீக்கியது செல்லும் என 2023 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அவர் ஆசனத்தை இழந்தார். கட்சி மாறுவோர் அனைவரும் மனச்சாட்சியின் பெயரையே சொல்கின்றனர். அதை எதைக் கொண்டு அளப்பது? கீரிமலையை உள்ளடக்கிய காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கிய சா. ஜே. வே. செல்வநாயகத்தின் வாழ்வு இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது.

1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்த அவர், தெல்லிப்பழையில் வளர்ந்தார். விஞ்ஞானப் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியாற்றி, பின்னர் சட்டத்துறையில் பெயர் பெற்றார். 1947இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தலைமையிலான தமிழ்க் காங்கிரஸ் சார்பில் நாடாளுமன்றம் சென்றார்.

மறுவருடமே சோதனை வந்தது. 1948 செப்டெம்பரில் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இணைந்தார். அவ்வாண்டு டிசம்பரில், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைக்குக் கடும் நிபந்தனைகளை விதித்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலத்திற்கு அவர் ஆதரவளிக்க, செல்வநாயகம் எதிர்த்து வாக்களித்தார். தோட்டத் தொழிலாளர் எவரும் அவருடைய தொகுதியின் வாக்காளர் அல்லர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 1949 டிசம்பர் 18இல் கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் இலங்கைத் தமிழரசுக் கட்சியை அவர் தோற்றுவித்தார்.

பொன்னம்பலத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. கைத்தொழில் அமைச்சராக அவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கும் பரந்தன் இரசாயன ஆலைக்கும் வழிவகுத்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை செல்வநாயகத்தின் தொகுதியிலேயே எழுந்தது. ஒருபுறம் கண்முன்னே புகை கக்கும் தொழிற்சாலை. மறுபுறம் சமஷ்டி என்னும் கோரிக்கை. 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளையிடம் செல்வநாயகம் தோற்றார். அவருடைய கட்சிக்கு அப்போது கிடைத்தவை இரண்டே ஆசனங்கள்.

அவர் கொள்கையை மாற்றவில்லை. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல் அதே மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்தனர். 1957இல் பண்டாரநாயக்கவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்கவுடனும் அவர் செய்த உடன்படிக்கைகள் நிறைவேறவில்லை. 1965இல் தமது கட்சியையும் ஆட்சியில் பங்காளியாக்கியதன் மூலம், தாம் ஒருகாலத்தில் கண்டித்த பாதையிலேயே அவரும் நடந்தார் என்ற விமர்சனத்தை முற்றாக ஒதுக்க முடியாது. ஆயினும் அவர் தமக்கென ஒரு அமைச்சுப் பதவியை என்றுமே ஏற்கவில்லை.

1972இல் புதிய குடியரசு யாப்பை ஏற்க மறுத்து ஆசனத்தைத் துறந்த அவர், தமது முடிவைத் தொகுதி மக்களின் தீர்ப்புக்கு விட்டார். இடைத்தேர்தலை அரசு 1975 பெப்ரவரி 6 வரை இழுத்தடித்தது. நோயால் உடல் தளர்ந்திருந்த நிலையிலும் 16,000இற்கும் அதிகமான பெரும்பான்மையுடன் அவர் வென்றார். பழைய பிரிவை மறந்து பொன்னம்பலத்துடன் ஒரே கூட்டணியில் நின்ற அவர், 1977 ஏப்ரல் 26இல் காலமானார்.

சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் மூடப்பட்டது. கீரிமலை மக்களும் அவ்வாண்டே இடம்பெயர்ந்தனர். பேரம் தந்த ஆலையும் நிலைக்கவில்லை; மறுப்புக் கேட்ட சமஷ்டியும் கிட்டவில்லை. எனவே யார் வென்றார் என்று கேட்பதில் பயனில்லை. அணி விலகுபவர் எதைப் பெற்றார், எதை இழந்தார், தம்மைத் தெரிவு செய்தவர்களிடம் திரும்பிச் சென்றாரா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அடுத்த வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பின்போது நம் பிரதிநிதிகளிடம் வாக்காளர் அவற்றைக் கேட்கட்டும்.