தென்னந்தோப்பில் திறந்த விண்வெளி வாசல்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்கள் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களால் நிறைந்திருந்தன. பின்னர்ப் பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. இன்று அத்தோட்டங்களுள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நிலம் மாறும்போது அதில் வாழ்ந்தவர்களின் வாழ்வும் மாறுகிறது. புதிய தொழில் வரும்போது அங்கிருந்த மக்கள் அதில் பங்கு பெறுவார்களா, ஒதுங்கி நிற்பார்களா என்பது நம் தோட்டப்புற மக்களுக்குப் பழக்கமான கேள்வி. இதே கேள்வியைக் கேரளக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் எதிர்கொண்டவர்தாம் இந்திய விண்வெளித் துறையின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய்.

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் குஜராத்தின் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தை அம்பாலால் பெயர் பெற்ற துணி ஆலை அதிபர். செல்வச் செழிப்பில் வளர்ந்தபோதும் விக்ரமின் நாட்டம் அறிவியலையே நாடியது. அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனின் வழிகாட்டலில் விண்வெளியிலிருந்து பூமிக்கு வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942இல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார்.

போருக்குப் பின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இந்தியா விடுதலை அடைந்தது. மூன்று மாதங்களுக்குள் அவர் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. துணி ஆலைகளுக்கான ஆராய்ச்சிக் கழகம், மேலாண்மைக் கல்லூரி, மருந்துத் தொழில் எனப் பல துறைகளிலும் அவர் கால் பதித்தார். ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும் கைகோத்து நடக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

1957இல் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. வறுமையில் உழலும் நாட்டுக்கு விண்வெளி ஆய்வு எதற்கு என்று இந்தியாவில் பலர் வினவினர். வல்லரசுகளோடு போட்டியிடுவது சாராபாயின் நோக்கமன்று. புயல் வருவதை முன்கூட்டியே அறிவதற்கும், தொலைவிலுள்ள சிற்றூர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்வதற்கும் செயற்கைக்கோள் உதவும் என்று அவர் நம்பினார். அவருடைய தலைமையில் 1962இல் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தது.

உந்துகணை ஏவுவதற்கு ஏற்ற இடத்தைத் தேடியபோது திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள தும்பா அவர் கண்ணில் பட்டது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகில் செல்கிறது. வளிமண்டலத்தின் மேலடுக்குகளை ஆராய அதைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. ஆனால், தும்பா வெற்று நிலமன்று. தென்னந்தோப்புகளுக்கு நடுவே மீனவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்து வந்தன. அவர்களுடைய புனித மகதலேனா மரியா தேவாலயமும் அங்கேயே இருந்தது.

சாராபாய் அம்மக்களின் சமயத் தலைவரான ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரில் சென்று சந்தித்தார். ஆயரோ தாமே முடிவு செய்யாமல், ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடிய மக்களிடம் அறிவியலின் பயனை எடுத்துரைத்து அவர்களின் இசைவைக் கேட்டார் என்று டாக்டர் அப்துல் கலாம் பின்னாளில் எழுதியுள்ளார். மக்கள் இசைந்தனர். வாழ்ந்த வீடுகளையும் வழிபட்ட ஆலயத்தையும் விட்டுக்கொடுத்து வேறிடம் பெயர்ந்தனர். அது சிறிய ஈகமன்று.

தேவாலயம் அலுவலகமாகவும் பணிமனையாகவும் மாறியது. மாட்டுக்கொட்டில் ஆய்வுக்கூடம் ஆனது. உந்துகணையின் பாகங்கள் மிதிவண்டியில் கொண்டு செல்லப்பட்டன. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, அங்கே அல்லும் பகலும் உழைத்தனர். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் உந்துகணை தும்பாவிலிருந்து வானில் சீறிப் பாய்ந்தது. உந்துகணை அமெரிக்கா வழங்கியது. அதிலிருந்த ஆய்வுக் கருவி பிரான்சு நாட்டினுடையது. நான்கே ஆண்டுகளில், 1967இல், இந்தியாவிலேயே உருவான ரோகிணி உந்துகணையும் அங்கிருந்து பறந்தது.

தும்பாவைத் தம் நாட்டுக்கு மட்டுமே உரியதாகச் சாராபாய் வைத்துக்கொள்ளவில்லை. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அத்தளம் ஐக்கிய நாடுகள் மன்றத்திற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல நாட்டு அறிவியலாளர்கள் கூடி ஆய்வு செய்யும் மையமாக அச்சிற்றூர் உயர்ந்தது. மறு ஆண்டு இஸ்ரோ எனப்படும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தோன்றியது.

பெரிய உந்துகணைகளுக்காக, சென்னைக்கு வடக்கே ஆந்திரக் கடற்கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரும் இடம்பெயர நேர்ந்தது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் சிறிய உந்துகணை ஏவப்பட்டது. ஆனால், அத்தளத்தின் வளர்ச்சியைக் காணும் வாய்ப்பு சாராபாய்க்குக் கிட்டவில்லை. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், தும்பாவுக்கு அருகிலுள்ள கோவளத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52.

அவர் இட்ட வித்து ஆலமரமாகத் தழைத்தது. 1975ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டுக்கு ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள்வழித் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. இன்று ஸ்ரீஹரிகோட்டா பிற நாடுகளின் செயற்கைக்கோள்களைக் கட்டணம் பெற்று ஏவும் வணிகத் தளமாகவும் விளங்குகிறது. 2015இல் சிங்கப்பூரின் ஆறு செயற்கைக்கோள்கள் அங்கிருந்து ஒரே பயணத்தில் சென்றன. 2017இல் ஒரே உந்துகணை 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் 101 வெளிநாடுகளுக்கு உரியவை. 2022இல் இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று உருவாக்கிய முதல் உந்துகணைக்கு விக்ரம் என்றே பெயரிடப்பட்டது. தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள குலசேகரன்பட்டினத்தில், சிறிய செயற்கைக்கோள்களுக்கான புதிய ஏவுதளத்திற்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து நேராகத் தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லத் தேவையில்லை, எரிபொருளும் மிச்சமாகும்.

மலேசியாவும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. நிலநடுக்கோட்டுப் பகுதியைப் படமெடுப்பதற்கான ரசாக்சாட் செயற்கைக்கோள் 2009இல் பசிபிக் பெருங்கடல் தீவு ஒன்றிலிருந்து ஏவப்பட்டது. 2022இல் நம் நாட்டில் விண்வெளித் துறைக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பூமியின் சுழற்சி வேகம் மிகுதி என்பதால், கிழக்கு நோக்கி ஏவப்படும் உந்துகணைக்கு அது கூடுதல் உந்துதலைத் தரும். நம் நாட்டின் அமைவிடம் நமக்கு வாய்த்த இயற்கைக் கொடையாகும்.

எனினும், அமைவிடம் மட்டுமே ஒரு வட்டாரத்தை விண்வெளி மையமாக்கிவிடாது. ஊர்கூடித் தேர் இழுத்தது போல, மீனவர், சமயத் தலைவர், பொறியாளர், அயல்நாட்டு அறிவியலாளர் அனைவரும் சேர்ந்ததால்தான் தும்பா உயர்ந்தது. மக்களின் இசைவைக் கேட்டுப் பெற்றதும், இளையோருக்குப் பயிற்சி அளித்ததும் சாராபாய் இட்ட அடித்தளம். அந்தப் பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நின்று, இடம் தந்த மக்களையும் நினைவூட்டுகிறது. நாளை நம் மண்ணிலும் இத்தொழில் வளரக்கூடும். அப்போது தோட்டப்புற மாணவர்கள் வேலியோரம் நின்று பார்ப்பவர்களாக இல்லாமல், பொறியாளர்களாகவும் தொழில்நுட்பர்களாகவும் உள்ளே நுழைய வேண்டும். அதற்கான பயிற்சியை இன்றைய அறிவியல், கணித வகுப்புகளிலேயே தொடங்குவோம்.