கடிதங்களும் துபாசிப் பதவியும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கை

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர்கள் தம்முள் எழுதிக்கொண்ட கடிதங்கள் போரையும் உடன்படிக்கையையும் மட்டுமன்றி, அவர்களை அண்டி வாழ்ந்தோரின் பதவிகளையும் முடிவு செய்தன. இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) வாழ்க்கை தக்க சான்றாகும்.

சென்னைப் பெரம்பூரில் பிறந்த பிள்ளை, இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்தார். அவருடைய உறவினரான நைனியப்ப பிள்ளை தலைமைத் துபாசியாக இருந்து, ஆளுநர் எபேரின் பகைக்கு ஆளாகி, 1717இல் சிறையில் மாண்டார். பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முறையீடுகளால் அவர்மீதிருந்த பழி பின்னர் நீங்கியது, உயிர் மீளவில்லை. எழுத்தின் வலிமையையும் அது காலந்தாழ்ந்து பயன்தருவதையும் அக்குடும்பம் இவ்வாறு அறிந்தது. பிள்ளை 1736 செப்டம்பரில், நள ஆண்டு ஆவணி மாதத்தில், நாட்குறிப்பைத் தொடங்கினார்.

1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசி கனகராய முதலியார் இறந்தார். அப்பதவி கிறித்தவருக்கே உரியது எனச் சேசுசபைக் குருமார் வற்புறுத்தினர். துய்ப்ளேயின் மனைவியும் பிள்ளைக்கு இணக்கமாக இல்லை. ஆளுநரின் நம்பிக்கையே பிள்ளைக்குத் துணையாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொனே, 11 இலட்சம் வராகன் பெற்று நகரைத் திருப்பித்தர இசைந்தார்; துய்ப்ளே மறுத்தார். இருவரிடையே சென்ற கடிதங்களின் சினமும் ஐயமும் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. அக்டோபர்ப் புயலில் கப்பல்கள் சிதைந்தன. லபூர்தொனே கரையை விட்டு நீங்கினார்.

1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, இன்றைய பூரணாங்குப்பத்தை அடுத்த அரியாங்குப்பக் கோட்டை முதலில் தாக்கப்பட்டது. வெடிமருந்து தீப்பற்றியதால் பிரெஞ்சுப் படை அதைக் கைவிட நேர்ந்தது. எனினும் முற்றுகை அக்டோபரில் நீங்கியது. துய்ப்ளேயின் புகழோடு பிள்ளையின் செல்வாக்கும் ஓங்கியது. தியாகராச தேசிகரின் ஆனந்தரங்கன் கோவையும் சீனிவாச கவியின் வடமொழிச் சம்புவும் அவரைப் பாட்டுடைத் தலைவராக்கின.

அச்செல்வாக்கின் வேர் பிரான்சில் இருந்தது. 1754இல் துய்ப்ளேயை நீக்கும் ஆணையுடன் கொதே வந்திறங்கினார். புரவலர் கப்பலேறியபின் பிள்ளையின் நிலை தளர்ந்தது. 1756இல் ஆளுநர் லெறி அவரைப் பதவி நீக்கினார். நோயும் கடன்தொல்லையும் சூழ்ந்த நிலையிலும் குறிப்பு எழுதுவதை அவர் கைவிடவில்லை. புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில நாள் முன், 1761 சனவரி 12இல் மறைந்தார்.

சிற்றிலக்கியம் பிள்ளையின் பெருமையைப் பாடிற்று. நாட்குறிப்போ அப்பெருமை பிறர் கடிதத்தை நம்பி நின்ற அச்சத்தைப் பதிந்தது. பேச்சுத்தமிழில் பாரசீக, போர்த்துகீசிய, பிரெஞ்சுச் சொற்கள் கலந்த அவ்வுரைநடை, ஆளுவோரின் அந்தரங்கத்தை ஆளப்பட்டவர் ஒருவரின் மொழியில் காட்டுகிறது. அரசியல் வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் அது முதன்மைச் சான்றாவது இதனாலேயே.