ஆறுமுக நாவலர் சரித்திரமும் அருட்பா வழக்கும்

ஒரு நூல் இறைவன் திருவருளால் எழுந்ததோ, மனிதர் தம் அறிவால் எழுந்ததோ என்னும் வினா, 1867ஆம் ஆண்டிற்குப் பின் தமிழ்நாட்டுச் சைவர்களிடையே பெரு வழக்காய் மூண்டது. அவ்வழக்கை எழுப்பினவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அது பொறாமையால் எழுந்ததென்பார் ஒரு சாரார். சைவப் பற்றால் எழுந்ததென்பார் மற்றொரு சாரார். நாவலருடைய சரித்திரத்தை முறையே நோக்குவார்க்கு அவ்வினா அவருள்ளத்தில் எங்ஙனம் வேரூன்றியதென்பது விளங்கும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பவருக்குப் புதல்வராய்ப் பிறந்தார். சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் பெரியோர்பால் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலக் கல்வியின் பொருட்டுப் பேர்சிவல் பாதிரியார் நடத்திய பாடசாலையிற் சேர்ந்து, பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆயினார்.

பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்க முயன்றபோது அவருக்குத் துணைநின்றவர் நாவலரே. அம்மொழிபெயர்ப்பின் நடையை ஆராய்ந்து துணிதற்பொருட்டு இருவரும் 1848ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்றனர். மகாலிங்கையர் அதனை நோக்கிப் பிழையின்றென மதித்தார். 1850இல் அது அச்சேறியது. பிற சமயத்தார் தம் வேதமென ஒன்றனை எவ்வளவு கருத்தோடு காக்கின்றனர் என்பதை அருகிருந்து கண்டவர் நாவலர். திருநீறும் சிவபூசையும் வழுவாது நின்றே அவர் அப்பணியைச் செய்தார்.

ஆயினும் அக்காவலையும் கருத்தையும் தம் சமயத்தார்பாற் காணாமையே அவரை வருத்தியது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். 1852இற் பெரியபுராணத்தை வசனமாக்கினார். 1854இற் சைவதூஷணபரிகாரம் எழுதிப் பாதிரிமாரின் கண்டனங்களுக்கு அவர்தம் வேத நூலினின்றே விடையிறுத்தார். 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். மணவினை மேற்கொள்ளாது, ஏட்டிற் கிடந்த நூல்களைப் பிழையறப் பரிசோதித்து அச்சிடுதலையே வாழ்வாகக் கொண்டார். எது நூல், எது அந்நூலிற் பின்னர்ப் புகுந்தது எனப் பகுத்தறிதல் அவர்க்கு நாடோறும் நிகழ்ந்த தொழில்.

இந்நிலையில் 1867ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளுடைய பாடல்கள் அச்சேறி வெளிவந்தன. அடிகள் 1823இல் மருதூரிற் பிறந்து, சென்னையில் வளர்ந்து, கந்தகோட்டத்து முருகனையும் ஒற்றியூர்ப் பெருமானையும் உருகிப் பாடியவர். அச்சிடுதற்கு அவர் எளிதில் இசைந்திலர். இறுக்கம் இரத்தின முதலியார் பலகால் வேண்டியே இசைவு பெற்றார். தம் பெயரோடு சாமி என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குதல் தமக்கு உடன்பாடன்றென்றும் அடிகள் எழுதினார். திருவருட்பா என்னும் பெயரும், திருமுறை என்னும் பகுப்பும், நூலின் தெய்விக வரலாறு கூறும் செய்யுளும் அவர்தம் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரால் அமைந்தன.

நாவலர் உள்ளத்தை உறுத்தியவை அப்பெயரும் பகுப்புமே. திருமுறை என்பது தேவாரம் முதற் பெரியபுராணம் ஈறாகப் பன்னிரண்டாய் வரையறுக்கப்பட்டு, ஆலயங்களிலே ஓதுவார்களால் ஓதப்பெறுவது. உடனுறைவாரால் இப்பெயர் ஒருவர் நூலுக்குச் சூட்டப்படுமாயின், நாளை யாவர் நூலுக்கும் சூட்டப்படும். அப்போது உண்மை அருட்பாவுக்கும் பிறவற்றுக்கும் வேற்றுமை தோன்றாது. இதுவே அவர் எழுதியதென வழங்கும் போலியருட்பா மறுப்பின் உட்கிடை. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகள்மேற் குற்றமின்றென முடிந்தது. அதனைச் சூழ்ந்து பிற்காலத்தே வளர்ந்த கதைகளைக் கொண்டு இருவருள் ஒருவரை உயர்த்துதலும் தாழ்த்துதலும் முறையன்று.

இத்தகைய வழக்கு நம் நாட்டிற்கே உரியதன்று. அமெரிக்காவிலே யோசேப்பு ஸ்மித் என்பவர் 1830இல் மோர்மன் நூலை வெளியிட்டார். தேவதூதன் காட்டிய பொற்றகடுகளினின்று தாம் மொழிபெயர்த்ததே அந்நூலென்றார். தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையொப்பமிட்டனர். தகடுகளோ தேவதூதனால் மீட்டுக்கொள்ளப்பட்டன என்றனர். அது தெய்வ வாக்கோ அவர் கற்பனையோ என்னும் வாதம் இன்றும் ஓய்ந்திலது. அங்கே வாதம் தகட்டையும் சான்றினரையும் பற்றியது. ஆசிரியரே உரிமை கொண்டாடினார். இங்கே பாடியவர் அடிகளென்பதை எவரும் மறுத்திலர். உரிமை கொண்டாடினோர் மாணவர்.

இனிச் சித்தாந்தம் இதற்கு என் விடை கூறும்? இறைவன் வாக்கென்றும் மனிதன் வாக்கென்றும் இரண்டாகப் பிரித்து ஒன்றனைத் தள்ளுதல் நம் நூல்களின் நெறியன்று. உயிர் தன்செயல் அற்றுச் சிவன் செயலுள் அடங்கும் நிலையைச் சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும். அந்நிலை நின்றார் சொல் மனிதர் நாவிற் பிறந்தும் அருள்வாக்கே ஆம். ஆனால் அந்நிலையை அளக்குங் கோல் செய்யுளின் இனிமையன்று, அன்பர்தம் புகழுரையும் அன்று. காலமும் ஆசாரிய பரம்பரையும் ஏற்றுக்கொள்ளுதலே புறத்தார் அறியும் அடையாளம். எங்கள் செட்டியார்பட்டிக்கு அணித்தாகிய திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோர் பாசுரங்கள் திவ்வியப் பிரபந்தத்துட் சேர்ந்ததும் அவர்கள் சூட்டிய பெயராலன்று; நாதமுனிகள் முதலாயினார் தொகுத்துப் போற்றியமையால் என்க.

ஆகலின், பெயரை விரைந்து சூட்டலாகாதென்ற அளவில் நாவலர் கூற்று நூல்முறைக்கு ஏற்றதே. பெயரை மறுத்தலோடு அமையாது பாடியவர் பெருமையையும் மறுக்கப் புகுந்தமையே அம்மறுப்பின் குறை. ஒரு நூல் திருமுறையன்று என்பதனால் அதனைப் பாடினார் அருள் பெறாதவரென்று முடியாது. மேலும் நாவலர் நாளில் அச்சேறி நின்றவை முதல் நான்கு பகுதிகளே; ஐந்தாவது 1880இலும், ஆறாவது 1885இலுமே வெளிவந்தன. பின்வந்தவற்றின் கொள்கையைக் கொண்டு அவர் மறுப்புக்கு அரண் செய்வோரும் இதனை மறத்தலாகாது.

நாவலர் மறைந்த பின்னும் வழக்கு ஓய்ந்திலது. நா. கதிரைவேற் பிள்ளை மறுப்புக் கட்சியில் நின்றார். மறைமலையடிகளும், இசுலாமியராகிய கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாக் கட்சியில் நின்றனர். இன்றோ தேவாரம் ஓதும் சைவர் இல்லங்களிலே அருட்பாவும் பாடப்படுகின்றது. ஆயினும் பன்னிரு திருமுறை பன்னிரண்டாகவே நிற்கின்றது. நாவலர் காத்த வரம்பும் அழிந்திலது. அடிகள் பாட்டும் அழிந்திலது.

வடலூரிலே அடிகள் 1867இல் தருமசாலை கண்டு பசித்தோர்க்குச் சோறிட்டார். 1874இல் மேட்டுக்குப்பத்திற் சித்தி எய்தினார். யாழ்ப்பாணத்திலே 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பல உயிர்களைக் காத்தார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி சிவபதம் அடைந்தார். நூலின் பெயர்பற்றி மாறுபட்ட இருவரும் பசித்த வயிற்றின் முன் மாறுபட்டிலர். அருளுக்கு இலக்கணம் ஆராயும் சைவ நன்மக்கள் இதனையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.