செத்த மூளை செல் திரும்ப வருமா? 100 வருஷத்துக்கு முன்பே தீர்ப்பு சொன்ன காஹல் யார்?

தருமபுரி மாவட்டத்தில் அரூர், பென்னாகரம், பாலக்கோடு என எந்த ஊர் அரசுப் பள்ளிக்குப் போனாலும், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். கிளை விரித்த மரம் மாதிரி ஒரு நரம்பு செல், அதாவது நியூரான். மூளை இப்படித் தனித்தனி செல்களால் ஆனது என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர் சான்டியாகோ ரமோன் இ காஹல்.

பக்கவாதம் வந்தவரின் குடும்பம் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, செத்துப்போன மூளை செல் திரும்ப வருமா என்பதுதான். அதற்கும் அன்றே பதில் சொன்னவர் இவர்.

யார் இந்த காஹல்?

1852-ல் ஸ்பெயினில் பிறந்தவர். அப்பா மருத்துவர். பையனுக்கோ படம் வரைவதில்தான் பைத்தியம். படிப்பில் அடங்காத மகனை முடிதிருத்துபவரிடமும், செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டுப் பார்த்தார் அப்பா. பிறகு இடுகாட்டு எலும்புகளைக் காட்டி வரையச் சொல்லி, உடற்கூறு கற்றுக்கொடுத்தார். வரையும் கை மருத்துவத்துக்குள் வந்தது இப்படித்தான். 1874-ல் ராணுவ மருத்துவராக கியூபா போனவர், மலேரியாவோடு ஊர் திரும்பினார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

இத்தாலியின் கோல்ஜி, வெள்ளி உப்பால் நரம்பு செல்களைக் கருப்பாக்கும் முறையை 1873-லேயே கண்டுபிடித்திருந்தார். மூளை ஒரே வலைப்பின்னல் என்பது அவர் கருத்து. 1887-ல் அந்த முறையைப் பார்த்த காஹல், அதை மெருகேற்றினார்.

வளர்ந்த மூளை அடர்ந்த காடு. எந்தக் கிளை எந்த மரத்துடையது என்றே தெரியாது. அதனால் செடியாக இருக்கும்போதே பார்க்கலாம் என்று கோழிக் கருவையும், குட்டி விலங்குகளையும் எடுத்துக்கொண்டார். 1888-ல் விடை கிடைத்தது: ஒவ்வொரு செல்லும் தனி. கைக்காசு போட்டு சொந்தமாக இதழ் நடத்தி அதை வெளியிட்டார். அடுத்த வருஷம் பெர்லினுக்கே ஸ்லைடுகளை எடுத்துப்போய்க் காட்டினார். 1890-ல், புது நரம்பு இழையின் நுனி வழி தேடி வளர்வதையும் விவரித்தார்.

1906-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. அந்த மேடையிலும் கோல்ஜி, காஹலின் கொள்கையை ஏற்கவில்லை.

அந்தத் தீர்ப்பு என்ன?

காயம்பட்ட மூளையில் இழைகள் துளிர்த்து, பிறகு வாடிப்போவதை காஹல் பார்த்தார். வளர்ந்த மூளையில் எதுவும் புதிதாகப் பிறக்காது என்று 1913-14-ல் வந்த நூலில் எழுதினார். முடிந்தால் எதிர்கால அறிவியல் இதை மாற்றட்டும் என்றும் சேர்த்தே சொன்னார். உலகம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. 1934-ல் காஹல் இறந்தார்.

பிறகு என்ன ஆனது?

சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமான அதே 1965-ல், அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளின் மூளையில், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில், பிறந்த பிறகும் புது நரம்பு செல்கள் உருவாகின்றன என்றது அது. பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1998-ல் மனித மூளையிலும் அப்படி நடப்பதாக ஓர் ஆய்வு வந்தது. 2018-ல் இன்னொரு ஆய்வு, பெரியவர்களிடம் அப்படி எதையும் பார்க்க முடியவில்லை என்றது. 2019-ல் முதியவர்களிடமும் இருக்கிறது என்று மறுத்தவர்கள், காஹல் வாழ்ந்த அதே மாட்ரிட் நகரத்து விஞ்ஞானிகள். விவாதம் இன்னும் முடியவில்லை.

அப்போ, நமக்கு என்ன?

பக்கவாதத்தில் அழிந்த இடத்தை மூளை புது செல்களால் நிரப்பிவிடாது. மிச்சமிருக்கும் செல்கள் புதுத் தொடர்புகளை உருவாக்கும்; பிசியோதெரபி பலன் தருவது அதனால்தான். வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது தெரிந்தால் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். காஹல் சொன்ன தீர்ப்பின் முதல் பாதி, இந்த விஷயத்தில் இன்னும் மாறவில்லை.