மாத்யூ போல்டன்

நீராவி யந்திரம் என்றவுடன் ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சொல்லாத பள்ளி மாணவன் இல்லை. ஆனால் வாட்டின் யுக்தியைத் தொழிலாக்கி, அந்தத் தொழிலை நெடுங்காலம் நிலைக்கும் ஸ்தாபனமாகவும் ஆக்கிய மாத்யூ போல்டனை நம்மவரில் அநேகர் அறியார். யந்திர ஞானத்தையும் ஆலோசனையையுமே சரக்காகக் கொண்டு நடக்கும் கம்பெனிகள் இன்று நம் தேசத்தில் பெருகியிருக்கின்றன. அத்தகைய தொழிலை முதன்முதலில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களில் ஒருவரது சரித்திரத்தை நேயர்களுக்கு எடுத்துரைப்பது தகும் என்று கருதுகிறோம்.

போல்டன் 1728-ம் வருஷம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். தந்தை பித்தான் முதலிய சிறு உலோகச் சாமான்கள் செய்து விற்றவர். 1759-ல் அவர் காலமானபின் தொழிலை ஏற்ற மகன், நகருக்கு வெளியே ஸோஹோ என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். ஓடைத் தண்ணீரே அங்குள்ள சக்கரத்தைச் சுழற்றியது. கோடையில் தண்ணீர் குறைந்தால் வேலையும் தடைப்படும். நீராவி யந்திரத்தின்மேல் அவருக்கு நாட்டம் பிறந்தது இதனாலேயே.

வாட் 1769-ல் தமது யந்திரத்துக்குப் பேடண்டு உரிமை பெற்றார். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரோபக் என்பவரிடம் இருந்தது. மூன்று ஜில்லாக்களில் மட்டும் யந்திரம் செய்துகொள்ள அனுமதி தருவதாக ரோபக் சொன்னபோது, மூன்று ஜில்லாக்களுக்காக இந்த வேலையை மேற்கொள்வதில் பயனில்லை, உலகம் முழுமைக்கும் செய்வதானால் மேற்கொள்ளலாம் என்ற கருத்தில் போல்டன் மறுத்துவிட்டார். பிறகு 1773-ல் ரோபக் நொடித்துப் போகவே, தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக அவருடைய பங்கைப் போல்டன் பெற்றுக்கொண்டார். மற்றக் கடன்காரர்கள் அந்தப் பங்கை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

உரிமையின் காலம் 14 வருஷம். அதில் எஞ்சியிருந்ததோ ஏறக்குறைய 8 வருஷமே. யந்திரத்தைச் செப்பனிட்டு, ஆட்களைப் பழக்கி, போட்ட முதலைத் திரும்பப் பெற இது போதாது என்று கணக்கிட்ட போல்டன், பலருடைய எதிர்ப்புக்கிடையே 1775-ல் பார்லிமெண்டில் தனிச் சட்டம் நிறைவேறச் செய்து, 1800 வரை உரிமையை நீட்டிக்கொண்டார். அதன் பிறகே வாட்டுடன் அவருடைய கூட்டுத் தொழில் முறைப்படி தொடங்கிற்று.

அந்தத் தொழில் நடந்த விதம் கவனிக்கத் தக்கது. ஆரம்ப வருஷங்களில் இவர்கள் யந்திரத்தை முழுமையாகச் செய்து விற்கவில்லை. வரைபடங்களும் வால்வு முதலிய நுட்பமான சில உறுப்புக்களும் ஸோஹோவிலிருந்து போயின. ஸிலிண்டரைத் துல்லியமாகக் குடைந்து கொடுத்தவர் வில்கின்ஸன் என்ற இரும்பு வியாபாரி. மற்றச் சாமான்களைச் சுரங்க முதலாளிகளே வாங்கிக்கொண்டார்கள். ஸோஹோவின் ஆள் ஒருவர் நேரில் சென்று யந்திரத்தை நிறுத்திக் கொடுப்பார். பழைய நியூகோமன் யந்திரம் அதே வேலைக்கு எரிக்கக்கூடிய நிலக்கரியோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலுத்தவேண்டும் என்பது ஒப்பந்தம். யந்திரம் எத்தனை தடவை அடித்தது என்பதை எண்ணுவதற்குப் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவியும் வைக்கப்பட்டது.

நிலக்கரி கிடைக்காத கார்ன்வால் பிரதேசத்துச் செம்புச் சுரங்கங்களில் இந்த ஏற்பாடு நன்கு பலித்தது. ஆனால் வருஷாவருஷம் பணம் கட்டுவது கப்பம் கட்டுவது போலாயிற்றே என்று சுரங்கக்காரர்கள் முணுமுணுத்தார்கள். செம்பின் விலை விழுந்தபோது கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார்கள். போல்டன் தாமே சில சுரங்கங்களில் பங்கு வாங்கி அவர்களுடைய நஷ்டத்திலும் கலந்துகொண்டார். வரவுக்கு முன்னே செலவு ஓடிய அந்தக் காலத்தில் பிதிரார்ஜித நிலத்தை விற்றார். கடனும் ஏராளமாக வாங்கினார். வாட்டோ கடனை எண்ணி அஞ்சி அஞ்சி வாழ்ந்தவர். இவ்விருவரும் பிரியாதிருந்ததே நமக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

சுரங்கங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் போல்டன் சீக்கிரமே கண்டார். 1781-ல் அவர் ஆலைகளுக்கு வேண்டிய சுழலும் யந்திரத்தை அமைக்கும்படி வாட்டை நச்சரிக்கத் தொடங்கினார். வாட் இணங்கினார். கரியின் மிச்சத்தைக் கொண்டு கட்டணம் கணக்கிடுவது ஆலைகளுக்குப் பொருந்தாதாகையால், குதிரை சக்தி ஒன்றுக்கு வருஷம் 5 பவுன் என்ற புது விகிதம் ஏற்பட்டது. நூல் ஆலைகளும் மாவு ஆலைகளும் வாடிக்கையாயின.

1790-க்குப் பிறகு, உரிமை முடியும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது. உரிமையை மீறியவர்கள்மீது தொடுத்த வழக்குகள் 1799 வரை நீண்டு, முடிவில் இவர்களுக்கே ஜயமாயிற்று. வாட்டின் வழிக்கு மாறாக யந்திரத்தைத் திருத்த முயன்ற ஹார்ன்பிளோவர் போன்றோரின் கை இதனால் கட்டுண்டது. அந்த அளவுக்குத் தொழிலின் பொது வளர்ச்சி தடைப்பட்டது என்றே நாம் நினைக்கிறோம். ஆயினும் வழக்கை மட்டுமே நம்பிப் போல்டன் உட்கார்ந்துவிடவில்லை. 1794-ல் தம் மகனையும் வாட்டின் புதல்வர்களையும் பாகஸ்தர்களாகச் சேர்த்தார். 1795-ல் ஸ்மெத்விக்கில் கால்வாய்க் கரையில் நிலம் வாங்கப்பட்டு, மறு வருஷமே புதிய வார்ப்படச் சாலை திறக்கப்பட்டது. அதுமுதல் ஸிலிண்டர் உட்பட யந்திரம் முழுவதும் சொந்தச் சாலையிலேயே தயாராயிற்று. சட்டத்தின் காப்பு நீங்கும் நாளுக்கு முன்பே, அது இல்லாமல் பிழைக்கும் வழி அமைந்துவிட்டது.

1800-ல் வாட் ஓய்வு பெற்றார். போல்டன் ஓயவில்லை, 1788-ல் தாம் ஏற்படுத்திய நாணயசாலையில் ஈடுபட்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் வழங்கிய செப்புக் காசுகளில் ஒரு பகுதி அங்கு அச்சானவையே. நம் தேசத்துக் கம்மட்டங்களின் வேலை அந்த அளவுக்குக் கடல் கடந்து போயிற்று என்பதையும் மறப்பதற்கில்லை. அப்படி அச்சான காசுகளை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட கப்பலொன்று 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதே வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி போல்டன் தமது 80-வது வயதில் காலமானார். அவருடைய வார்ப்படச் சாலை, பேடண்டு உரிமை தீர்ந்து 90 வருஷங்கள் கழியும் வரையில் யந்திரங்களைச் செய்துகொண்டிருந்தது.