வீடே கோயிலான வரலாறு: புனித யோசேப் வாஸ் அடிகளார்

பங்கு ஜூபிலி மலர் என்றால் கோயிலின் வரலாறு முதலிடம் பெறுவது முறை. அடிக்கல் நாட்டிய நாள், மணி வந்து சேர்ந்த ஆண்டு, பணியாற்றிய குருக்களின் வரிசை இவையெல்லாம் மலருக்கு அழகு. நாம் இங்கே எழுத விரும்புவதோ கோயிலுக்கும் முந்திய ஒன்றைப் பற்றியது. ஏறக்குறைய எந்தப் பங்கை எடுத்துக்கொண்டாலும், கோயில் எழும்புமுன் யாரோ ஒருவருடைய வீடு இருந்திருக்கிறது. யாரோ ஒரு தாய் கூடத்தைப் பெருக்கிப் பாய் விரித்திருக்கிறாள். வந்த குருவானவருக்கு ஒரு வேளைச் சோறு போட்டிருக்கிறாள். அவளுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது.

தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தி அன்று. நம் கண்ணெதிரே நிற்கும் பரங்கிமலையே, கடல் கடந்து வந்த அப்போஸ்தலர் தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. 1545-இல் மயிலாப்பூருக்கு வந்த புனித சவேரியார், தோமையாரின் கல்லறைக்கு அருகே பங்குக்குருவின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கிச் செபித்தார். நம்முடைய கதையும் வந்தேறியவர்களின் கதைதான். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், வேலையின் பொருட்டுப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறி வளர்த்த பகுதி இது. இங்கே யாரோ ஒருவர் கதவைத் திறந்ததால்தான் நம்மில் பலருடைய பெற்றோர் காலூன்றினர்.

ஆகவே, விருந்தினராகவே வாழ்ந்து விருந்தினராகவே மறைந்த ஒரு புனிதரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தம் என்று கருதினோம். அவரே இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளார்.

இவர் ஐரோப்பியர் அல்லர். நம் இந்திய மண்ணின் மைந்தர். 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவில் பெனவ்லிம் என்னும் ஊரில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சங்க்வாளி. கொங்கணி பேசும், பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பம். 1676-இல் குருப்பட்டம் பெற்ற நாள் தொட்டுக் காலில் செருப்பின்றி நடக்கலானார். மறு ஆண்டு தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுதிக்கொடுத்தார். சில ஆண்டுகள் கன்னடக் கரையோரத்தில் பணிபுரிந்து திரும்பியபின், 1685-இல் கோவாவில் இந்தியக் குருக்கள் சிலர் சேர்ந்து வாழ்ந்த ஒரு சிறு குழுவில் இணைந்து அதன் தலைவரும் ஆனார். பிற்காலத்தில் புனித பிலிப்பு நேரியின் முறைமையைப் பின்பற்றிய சபையாக மலர்ந்தது அக்குழுவே.

ஆனால் அவருடைய உள்ளம் தலைமைப் பொறுப்பில் நிலைக்கவில்லை. இலங்கையின் நிலைமை அவரை உறங்கவிடாமல் செய்தது.

அந்நாளைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் போர்த்துக்கீசரிடமிருந்து 1656-இல் கொழும்பையும், 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அதே 1658-இல் நம் தூத்துக்குடியும் அவர்கள் வசமாயிற்று. இலங்கையில் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் பறிபோயின. குருவானவருக்கு இடங்கொடுத்து ஒளித்து வைப்போருக்கு மரண தண்டனை என்று அவ்வாண்டே கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. வீட்டுக்குள் முணுமுணுத்த செபமாலை ஒன்றே எஞ்சியிருந்தது. இதை நாம் யாரையும் குறைகூற எழுதவில்லை. அரசும் மதமும் ஒன்றாய்ப் பிணைந்திருந்த காலத்தின் கொடுமை அது. அக்காலத்தில் கத்தோலிக்க அரசுகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. இன்று நம் தெருவில் சீர்திருத்த சபையைச் சேர்ந்த சகோதரரும் நாமும் ஒருவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தை மற்றவர் உண்டு வாழ்கிறோம். அதற்காக இறைவனுக்கு நன்றி.

தலைமைப் பொறுப்பை விட்டு விலகிய அடிகளார் 1686-இல் கோவாவிலிருந்து புறப்பட்டார். யோவான் என்னும் உதவியாளர் உடன் வந்தார். மேற்குக் கரை வழியாக நெடும்பயணம் செய்து தூத்துக்குடியை அடைந்தனர். குருவுடையில் போனால் படகிலேயே பிடிபடுவார். ஆகையால் கூலியாள் போல் உடுத்து 1687-இல் படகேறினார். கடல் கொந்தளித்தது. பசியும் தாகமுமாய் அலைக்கழிந்து மன்னார்க் கரையைத் தொட்டு, பின் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தில் அறிந்த முகம் ஒன்றும் இல்லை. தங்க ஓர் இடமும் இல்லை. போதாக்குறைக்கு இருவரையும் கடும் வயிற்றுக்கடுப்பு பற்றிக்கொண்டது. எழுந்து நிற்கவும் வலுவற்றுக் கிடந்த அவர்களுக்கு ஓர் எளிய பெண் கஞ்சி கொண்டுவந்து ஊற்றினாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவள் பெயரைக் கூறவில்லை. தான் கஞ்சி ஊற்றியது ஒரு குருவானவருக்கு என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பிச்சைக்காரன் ஒருவன் சாகக் கிடக்கிறான் என்பது மட்டுமே தெரியும். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. குலப்பெருமை மிக்க குடும்பத்தில் பிறந்தவர், யார் கையென்று அறியாத ஒரு கையிலிருந்து கஞ்சி வாங்கிக் குடித்துப் பிழைத்தார். இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பு அந்தக் கஞ்சிக் கலயத்திலே தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

உடல் தேறியதும் கத்தோலிக்கரை எப்படிக் கண்டுகொள்வது என்ற கேள்வி எழுந்தது. வாய்விட்டுக் கேட்டால் ஆபத்து. கேட்கப்பட்டவரும் அஞ்சி மறுப்பார். அடிகளார் ஒரு வழி கண்டார். கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். சிலர் விரட்டினர். சிலர் கைப்பிடி அரிசி போட்டு அனுப்பினர். சிலருடைய பார்வை மட்டும் அந்தச் செபமாலையின்மேல் சற்று நேரம் தங்கியது. அந்த வீடுகளை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். மீண்டும் மீண்டும் போய், நம்பிக்கை பிறந்தபின் ஒரு குடும்பத்தாரிடம் தாம் யார் என்பதை வெளியிட்டார்.

அந்த வீட்டாரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாக வருவாரா என்று ஏங்கியிருந்த சுவாமி, கந்தல் உடையில் வாசலில் நிற்கிறார். உள்ளே அழைத்தால் குடும்பத்துக்கே உயிராபத்து. அனுப்பிவிட்டால் எவரும் குற்றம் சொல்லப் போவதில்லை. அவர்கள் அழைத்தார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று இதை எழுதும்போது நாமே நம்மைக் கேட்டுக்கொண்டோம். விரைந்து பதில் சொல்ல நாவெழவில்லை.

பின்னர் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள சில்லாலை ஊரார் அவரைத் தம்மிடம் வைத்துக் காத்தனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவ்வூரே அவருக்கு இருப்பிடம். பகலில் மறைந்திருப்பார், இரவில் ஊர் ஊராகப் போய், வீடுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஞானஸ்நானம் கொடுத்து, விடியுமுன் திருப்பலி நிறைவேற்றுவார். கூடமே கோயில், வீட்டில் உள்ள பலகையே பீடம். தமிழைக் கற்று அம்மக்களின் மொழியிலேயே பேசினார். வேதம் கொண்டுவந்த அவர் சோறும் பாயும் பாதுகாப்பும் அந்த மக்களிடமிருந்தே பெற்றார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாத உறவு அது.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்குக் கூடியிருந்தோர்மீது கம்பெனியின் வீரர்கள் பாய்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அடிகளார் தப்பினார். முக்கியமானவர்கள் சிலர் கொடிய அடிக்கு உள்ளாயினர். அவர்களில் ஒருவர் உயிர்நீத்தார். ஏனையோர் கடுங்காவல் வேலைக்கு அனுப்பப்பட்டனர். விருந்தினர் பிழைத்தார், விருந்து படைத்தவர்கள் அடிபட்டனர். புனிதரின் வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடக் கூடாது என்பது நம் கருத்து.

தம்மால் மக்களுக்கு மேலும் துன்பம் வேண்டாம் என்று அடிகளார் 1690-இல் கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட புத்தளம் சென்றார். 1692-இல் கண்டி நகரை அடைந்தபோது, போர்த்துக்கீச ஒற்றர் என்ற பொய்க் குற்றச்சாட்டின்பேரில் சிறைப்பட்டார். சிறைக்காவலிலேயே சிறு குடிசைக் கோயில் அமைத்து வழிபட்டார். சிங்களமும் கற்றார். கடும் வறட்சியின்போது அவர் செபித்ததும் மழை பொழிந்ததென்றும், அதன்பின் மன்னர் அவரை விடுவித்தார் என்றும் வரலாறு கூறுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டி மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் பௌத்தர். இறுதிவரை பௌத்தராகவே இருந்தவர். கிறிஸ்தவ அரசு துரத்திய கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தந்து, தம் நாடெங்கும் போய்வர உரிமை அளித்தவர் அவரே. விருந்தோம்பல் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரிய சொத்து அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கடனை அடிகளார் திருப்பிச் செலுத்தும் காலமும் வந்தது. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. செல்வர்கள் நகரை விட்டு ஓடினர். நோயுற்றவரைச் சொந்த வீட்டாரே கைவிட்டனர். அப்போது அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவருடைய மருமகனான யோசேப் கர்வாலோ என்னும் குருவும், கைவிடப்பட்டோரைத் தேடிப்போய் ஒதுங்க இடம் கொடுத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் தமக்குக் கஞ்சி ஊற்றியவளும் எதையும் பார்க்கவில்லை அல்லவா!

பின்னர் மேலும் குருக்கள் வந்தனர். 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். தவக்காலத்தில் வாசிக்கப்பெறும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் யோசேப் வாஸ் அடிகளார் ஆண்டவரில் துயில்கொண்டார். அப்போது அவருக்கு வயது 59. இலங்கைக்கு வந்தபின் ஒருமுறையேனும் சொந்த ஊர் திரும்பவில்லை. பிற்காலத்தில் கண்டிக் கோயில் அழிந்துபோனதால் அவருடைய கல்லறை இருந்த இடமும் மறைந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டில் தங்கியவருக்கு, இறந்தபின்னும் தமக்கென ஓர் இடம் எஞ்சவில்லை.

1995-இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலுக்கு முந்தின நாள், கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அவரை நாம் பெயர் சொல்லி வேண்டுகிறோம். கஞ்சி ஊற்றிய பெண்ணையும், கதவைத் திறந்த குடும்பத்தாரையும் எந்தப் பெயரால் வேண்டுவது? அவர்களுக்குப் பீடம் இல்லை. அவர்களை நினைவுகூரும் வழி ஒன்றுதான்: அவர்கள் செய்ததைச் செய்வது.

நம் பகுதியில் இன்று வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்கும் வழக்கம் ஒழியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் கட்டடங்களை எழுப்பும் வடமாநிலத் தொழிலாளர், மொழி தெரியாமல் கோயிலின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் பலர் நம் மாநிலத்தில் இன்றும் முகாம்களில் வாழ்கின்றனர். அடிகளாருக்குச் சோறு போட்ட அந்த மண்ணின் மக்கள் அவர்கள். பழங்கடன் ஒன்று நமக்கும் உண்டு.

அடிகளாரின் திருநாள் ஜனவரி 16. நம் வீடுகளில் பொங்கல் மணம் இன்னும் ஆறாத நாள். அன்று ஒவ்வொரு அன்பியத்திலும் நம் உறவினர் அல்லாத, நம் ஊரார் அல்லாத ஒருவரையேனும் அழைத்து நம்மோடு உட்கார வைத்து உண்ணச் செய்வோம். ஜூபிலி ஆண்டின் விழாக்கள் முடிந்து பந்தல் பிரித்தபின்னும் இந்த வழக்கம் நம் பங்கில் நிலைக்குமானால், நாம் கட்டிய கோயிலுக்கு அதுவே அடிக்கல். புனித யோசேப் வாஸ் அடிகளார் நமக்காக வேண்டிக்கொள்வாராக!